ஜிபார் ஏன் சிரித்தாள்

நவம்பர் 6, வியாழக்கிழமை

பிரியமுள்ள மைராமுக்கு,

பத்து வருஷம் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அதில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்ட உல்கான் எழுதுகிறேன். மாஸ்கோவில் உன் முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கணவாயில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. உன் வீட்டு ஆப்பிள் மரத்தில் இந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருந்தது. உன் புருஷன் அசான் பறிக்காமல் விட்டதால் பாதியைப் பன்றிமூக்குப் பறவைகளும் மீதியை நானும் தின்றோம். அப்படி ஒரு பறவை இல்லை என்று எனக்குத் தெரியும். பாதியையும் நான்தான் தின்றேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஜூலையில் நீ லீவில் வந்திருந்தபோது சந்தையில் உன்னைப் பார்த்தேன். நீ வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாய். நான் சந்தைக் கழிப்பறைக்குள் ஓடிப் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். முக்கால் மணி நேரம்! என் உடம்புக்கு அந்த அறையில் கதவைச் சாத்துவதற்கே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் கதவைத் தட்டி, "உள்ள இருக்கறவங்க உசுரோடதான் இருக்கீங்களா? மாத்திரை ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். வரிசையில் நின்ற யாரோ, "கல்யாணத்துல மைக் பிடிச்சு சிரிக்க வைக்கற உல்கான்தான் உள்ள போனா. நேத்து கல்யாண விருந்துல குதிரைக்கறியை ஒரு கை பார்த்திருப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுக்கவில்லை. ஊர் முழுக்க என் வயிற்றைப் பற்றிப் பேசினாலும் பரவாயில்லை, உன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க என்னால் முடியாது என்று உள்ளேயே நின்றேன்.

ஏன் ஒளிந்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் ஒரு ஜோக் அடிப்பேன், நீ சிரிப்பாய், அப்புறம் விஷயம் காணாமல் போய்விடும். ஐந்து வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் தாளில் எழுதி நம் தெரு ராப்கானிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை மதிய விமானத்தில் அவள் மாஸ்கோ வருகிறாள். ராத்திரிக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். படித்ததும் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்ய வேண்டும்.

விஷயம் இதுதான். உன் மகள் ஜிபார் என் அண்ணன் மகன் எல்தியாரை விட்டு வந்து ஆறு வாரமாகிறது. குழந்தை அக்மூரோடு பிஷ்கேக் பட்டணத்தில், அடிபட்ட பெண்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் இருக்கிறாள். அசான் உன்னிடம் "சின்னச் சண்டை, சரியாப் போயிடும்" என்று சொல்லியிருப்பான். சின்னது இல்லை. வருகிற ஞாயிறு என் அண்ணன் தொக்தோசுன் நாலு பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு, கார் டிக்கியில் ஒரு ஆட்டையும் ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறான். ஆட்டை அறுத்து, மன்னிப்புக் கேட்டு, விருந்து சாப்பிட்டு, பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்லி அசானின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போவார்கள். விடுதியில் இந்த மாதக் கடைசிவரைதான் இடம். அப்பா அனுப்பிவிட்டார் என்று ஆகிவிட்டால் அவள் எங்கே போவாள்? எங்கள் வீட்டுக்குத்தான். எங்கள் வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அசானைக் கெஞ்சிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "அவ அம்மாதானே அன்னிக்கி 'இரு'ன்னு சொன்னா. மைராம் சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது?" என்கிறான். ஜிபாரிடம் போய், உன் அம்மாவுக்கு ஒரு போன் போடுடி என்றேன். "அம்மாகிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு சித்தி? அன்னிக்கே பதில் சொல்லிட்டாங்களே" என்றாள்.

மைராம், நீ அப்படி ஒரு பதில் சொல்லவே இல்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உனக்கு மறந்துகூடப் போயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய அக்டோபர் அது. நான் வீட்டில் குளிர்காலத்துக்கு முட்டைகோஸ் நறுக்கி உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் கோஸ். ஒரு பாவமும் அறியாதவள். அண்ணி ஷாயிர்குல் போன் பண்ணினாள். "உல்கான், போட்டது போட்டபடி வா. எல்தியாருக்குப் பொண்ணு வந்திருக்கா. நாலு மணி நேரமா முக்காடு போடவிடமாட்டேங்கறா, புடுங்கிப் புடுங்கி எறியறா. என் கையெல்லாம் நகக்கீறல். நீ வந்து ரெண்டு வார்த்தை பேசு. உன் வாய்க்குச் சிரிக்காத ஆளு இருக்கா?" என்றாள். எந்தப் பெண் என்று கேட்டேன். "உன் சிநேகிதி மைராமோட பொண்ணு" என்றாள்.

வந்திருக்கிறாளாம்! எல்தியாரும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் காலேஜிலிருந்து வந்து வேனை விட்டு இறங்கினவளை ரோட்டில் வைத்து அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் பெண் வந்திருக்கிறாள் என்பது.

அந்தச் செய்தியைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைக் கழுவினேன். நல்ல உடுப்பு மாற்றினேன். தோடு போட்டேன். உதட்டுச்சாயமும் பூசினேன். நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் எப்படிப் போவேனோ அப்படிப் போனேன். ஐயோ என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. உன்னையும் என்னையும் இப்படித்தானே கொண்டுவந்தார்கள், செத்தா போனோம் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் புருஷன் என்னைத் தூக்கிவந்தபோது வழியில் கார் நின்றுபோக, நானே இறங்கித் தள்ளினேன் என்று மைக்கில் எத்தனை விருந்துகளில் சொல்லியிருக்கிறேன்! கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். தள்ளினது உண்மைதான். அழுதுகொண்டே தள்ளினேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. அதைச் சொன்னால் அடுத்த விருந்துக்கு யார் கூப்பிடுவார்கள்?

அண்ணன் வீட்டில், அந்த அறை வாசலில், என் பெரியம்மா சைனாப் குறுக்கே படுத்திருந்தாள். உனக்குத் தெரியாததா! வயசானவளைத் தாண்டி வெளியே போகிற பெண்ணுக்கு வாழ்க்கை விளங்காது என்று நம் எல்லோருக்கும் ஒரு பயம். அதை வைத்துத்தான் கதவுக்குப் பூட்டு. ஆனால் இந்தப் பூட்டு தூங்கிவிட்டது. வாயைத் திறந்து குறட்டை. வெளியிலிருந்து உள்ளே போகிறவர்கள் தாண்டலாமா கூடாதா என்று யாரிடமும் சட்டம் இல்லை. என் உடம்பைத் தூக்கித் தாண்டினேன்.

ஆறேழு பெண்கள். மூலையில் புதுப்பெண்ணை மறைக்கிற கல்யாணத் திரை. அதற்குப் பின்னால் உன் மகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் ஷூ இருந்தது, இன்னொரு ஷூ ரோட்டிலேயே போய்விட்டதாம். தலை கலைந்து, முகம் வீங்கி, பத்தொன்பது வயசுப் பெண் பத்து வயசுக்காரி மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும் "சித்தி!" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

நான் ஆரம்பித்துவிட்டேன். "ஏண்டி ஜிபார், உனக்குக் காவல் போட்டிருக்கற ஆளைப் பாத்தியா? இந்தக் குறட்டைக்கு மாப்பிள்ளையே பயந்து ஓடிட்டான். நீ எதுக்கு ஓடணும்? உக்காந்து டீ குடி, வீடே காலியாயிடும்!" என்றேன்.

அவள் சிரித்தாள். மைராம், சத்தம் போட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, மூக்கில் தண்ணீர் வழிய, தோள் இரண்டும் தொப்பென்று இறங்கி, அப்படி ஒரு சிரிப்பு. ஷாயிர்குல் துள்ளி எழுந்தாள். "சிரிச்சுட்டா! பொண்ணு சிரிச்சுட்டா! சம்மதம்!" என்று கத்தினாள். எல்லோரும் கத்தினார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வெள்ளை முக்காடு தலையில் ஏறிவிட்டது. அது ஏறினால் நம் ஊரில் கல்யாணம் ஆன மாதிரிதான். யாரோ மிட்டாயை வாரி இறைத்தார்கள். பெரியம்மா திடுக்கிட்டு எழுந்து, எனக்கு மிட்டாய் எங்கே என்று கேட்டாள். நான் கை தட்டினேன்.

அவள் முக்காட்டைப் பிடுங்கக் கையைத் தூக்கினாள். "அம்மாகிட்டப் பேசணும்" என்றாள். அவள் கையில் கொடுக்காமல் நானே உனக்குப் போன் போட்டேன். நீ மாஸ்கோவில் வேலை செய்கிற அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் விஷயத்தையும் அவள் சிரித்ததையும் சொன்னதும் நீ குழாயை மூடினாய். அப்புறம், "சிரிச்சாளா?" என்றாய். உன் மேல் சத்தியமாகச் சிரித்தாள் என்றேன். "நெசமாவா சிரிச்சா?" என்று மறுபடியும் கேட்டாய். பிறகு நீ சொன்னது இது, எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "அவளுக்குப் பிடிச்சிருந்தா இருக்கட்டும். இல்லேன்னா இப்பவே கூட்டிட்டுப் போய் வீட்ல விட்டுடு உல்கான், உன்னைத்தான் நம்பறேன்."

போனை வைத்துவிட்டு நான் அறையைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மா இருக்கச் சொல்லிட்டா."

அவ்வளவுதான் நான் செய்தது. உன் வாக்கியத்தில் நடுவிலிருந்து ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னையும் பின்னையும் விழுங்கிவிட்டேன். ஏன் என்று கேட்காதே. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். இறைச்சி வெந்துகொண்டிருந்தது. நானும் உதட்டுச்சாயம் பூசி வந்திருந்தேன். ஜிபார் என்னைப் பார்த்தாள். தூக்கிய கையை இறக்கினாள். குனிந்து, காலில் இருந்த அந்த ஒற்றை ஷூவைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. கொஞ்சமாவது எழுதினால்தான் உனக்குப் புரியும். ஆறு மாதத்தில் ஒரு பல் போனது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். "எங்க அண்ணன் வீட்டுக் கதவுக்குக் கை முளைச்சிருக்கா?" என்று நான் கேட்டேன். ஷாயிர்குல் சிரித்தாள், எல்தியார்கூடச் சிரித்தான். ஜூலை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டாள். "எங்க வீட்டு மருமக எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா" என்று விருந்தில் பீற்றிக்கொண்டேன். அக்மூர் வயிற்றில் இருந்தபோது மாடியிலிருந்து விழுந்துவிட்டாள் என்றார்கள். அண்ணன் வீட்டுக்கு ஏது மாடி? அதைக்கூட நான் ஜோக்காக்கினேன் மைராம். என் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்ததை உடனே ஜோக்காக மாற்றினால், பார்த்ததற்கு நான் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். என் பிழைப்பே அதுதானே.

போன கோடையில் நீ வந்திருந்தபோது அவள் உனக்கு டீ ஊற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாளாம். "கல்யாணமானதும் பொண்ணுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு" என்று நீ வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அவளுக்குத் தலைக்கனம் இல்லை. என்னைக் கூப்பிட்டுக்கொள் என்று அழுத மகளை, இரு என்று சொன்ன அம்மாவாக உன்னை ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீயோ, விருப்பப்பட்டுப் போனவள் என்று அவளை நினைத்துக்கொண்டிருக்கிறாய். நடுவில் நான் சந்தைக் கழிப்பறையில்.

இன்னும் கேவலமானது இருக்கிறது. அந்த ராத்திரிக் கதையை நான் மைக்கில் சொல்ல ஆரம்பித்தேன். பெயர் சொல்லமாட்டேன். தூங்கிப்போன காவல்காரி, கதவைத் தாண்டிய குண்டு அத்தை, நாலு மணி நேரம் அழுத பெண் ஒரே ஒரு ஜோக்குக்குச் சிரித்துவிட்டது என்று சொல்வேன். குறட்டையைக் குரலில் செய்துகாட்டுவேன். எத்தனை கல்யாணத்தில் கைதட்டு வாங்கியிருக்கிறேன்! செப்டம்பரில் அண்ணன் வீட்டு விருந்திலேயே அதைச் சொன்னேன். மருமகள்கள் கெட்டிலோடு நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி ஜிபார் என்பதைக் குறட்டை விடும்போதுதான் பார்த்தேன். பாதிக் குறட்டையில் எப்படி நிறுத்துவது? முழுக்க விட்டேன்.

ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றி முடித்தாள். பிறகு சமையல்கட்டில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "சித்தி, கதையை நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா நான் ஏன் சிரிச்சேன்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே" என்றாள். ஜோக்குக்குத்தானே சிரித்தாய் என்றேன். "எந்த ஜோக்? நீங்க என்ன சொன்னீங்கன்னே என் காதுல விழலை. நீங்க வாசல்ல வந்து நின்னதைப் பார்த்தேன். அம்மா உங்களை அனுப்பியிருக்காங்க, என்னைக் கூட்டிட்டுப் போக வந்துட்டீங்கன்னு நெனச்சேன். அதான் சிரிச்சேன்" என்றாள்.

சொல்லிவிட்டுக் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. நான் அங்கேயே மாவு மூட்டை மேல் உட்கார்ந்தேன். மூட்டை வெடித்துவிட்டது. முதுகெல்லாம் வெள்ளையாக வெளியே போனேன், கூட்டம் சிரித்தது. அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

அதற்கு மூன்றாம் வாரம் பட்டப்பகலில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. "இப்பவாவது கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். என் புருஷன் விட்டுப்போன பழைய காரில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு பிஷ்கேக் போனேன். வழியெல்லாம் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அக்மூர்தான், "பாட்டி ஏன் பேசமாட்டேங்கறாங்க, பல்வலியா?" என்று கேட்டாள். விடுதியில் இருந்த வக்கீல் பெண் சொன்னபடி, அந்த அக்டோபரில் நடந்ததையெல்லாம் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தூக்கிவருவது ஜெயிலுக்குப் போகிற குற்றமாம். நம் காலத்திலும் குற்றம்தானாம்! அதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

அதன் பிறகு அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அண்ணி பேசுகிறாள், என் வீட்டு மதிலுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டு. அவள் பேசுவதை இங்கே எழுதினால் தாள் கருகிவிடும். "சொந்த ரத்தத்தையே வித்த சிறுக்கி" என்பதுதான் அதில் மென்மையானது. விருந்துகளுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. ஏழு கிலோ இளைத்திருக்கிறேன். அந்த வகையில் லாபம்.

ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள், விஷயம் தெரியாத மேல்தெரு ஆட்கள். இரண்டு வாரம் முன்பு. "பொண்ணு வந்திருக்கு, அழுகையை நிறுத்தமாட்டேங்குது, வந்து சிரிக்க வை" என்று. போனேன். வீராங்கனை மாதிரிப் போனேன் என்று நினைக்காதே. போய் உட்கார்ந்து ஒரு தட்டுப் புலாவு சாப்பிட்டேன், இரண்டு சுற்று டீ குடித்தேன். அப்புறம்தான் உள்ளே போய், "உனக்கு வீட்டுக்குப் போகணுமா கண்ணு?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள். வாசலில் அவர்கள் வீட்டுப் பெரியம்மா குறுக்கே படுத்திருந்தாள், இவள் தூங்குகிற ரகமில்லை, கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலைமாட்டில், கொஞ்சூண்டு இடத்தில், பொத்தென்று படுத்தேன். "இவங்களைத் தாண்டாதே, என்னைத் தாண்டிப் போ. எனக்கு வர வேண்டிய சாபமெல்லாம் ஏற்கெனவே வந்தாச்சு, உனக்குக் குடுக்க மிச்சமில்லை" என்றேன். கிழவி, "நகருடி எருமை, மூச்சு முட்டுது!" என்று கத்தினாள். அந்தப் பெண் என் வயிற்றைத் தாண்டினாள். சரியாகத் தாண்டவில்லை, மிதித்துவிட்டுத்தான் போனாள். என்னைத் தூக்கி நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள், அதற்குள் அவள் தெருமுனை கடந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் அங்கே காரோடு நின்றிருந்தான்.

அவள் தாண்டிய அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது இவ்வளவு சுலபமா? ஒரு கேள்வி. கொஞ்ச நேரம் தரையில் படுப்பது. இதை ஜிபாருக்கு நான் செய்திருக்கலாம். என்னை நம்பித்தான் நீ அவ்வளவு தூரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய்.

இப்போது நீ செய்ய வேண்டியது. முதலில் அசானுக்குப் போன் போடு. நான் சொன்ன "இரு" உன் வாயிலிருந்து வந்தது இல்லை என்று சொல். ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆட்டை வாசலோடு திருப்பி அனுப்பச் சொல். பெண் நம் வீட்டுக்கு வரட்டும் என்று அவன் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை, யாராவது சொன்னால் சொல்வான். ஐந்து வருஷமாக அந்த யாராவதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜிபாரின் சின்ன அறையில் இப்போது உருளைக்கிழங்கு மூட்டை கிடக்கிறது. அதை நான் போய்க் காலி பண்ணி, அடுப்பு மூட்டிவைக்கிறேன். அசான் விடாவிட்டால் ஜன்னல் வழியாக ஏறுவேன், ஊருக்கு வேடிக்கையாவது கிடைக்கும்.

பிறகு ஜிபாருக்குப் போன் போடு. விடுதி எண்ணை இந்தத் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுவரை கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அவள் முதலில் பேசமாட்டாள். நீ வைத்துவிடாதே. என்னைத் திட்டவேண்டுமானால் அவள் காதில் விழும்படியே திட்டு, அவளுக்கு நல்லது. நீ அன்று முழுசாகச் சொன்னதை முழுசாகச் சொல். வேறொன்றும் சொல்ல வேண்டாம். "வா" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள், போதும்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதற்கு இந்தத் தாளில் இடமும் இல்லை. உன் கை வலிக்காமல் இருக்கட்டும். உன் பேத்தி உன் மடியில் உட்கார்ந்து உன் பேச்சைக் கேட்காமல் அட்டகாசம் பண்ணுகிற காலத்தை இறைவன் உனக்குக் கொடுக்கட்டும். உன் வீட்டுக் கதவு உன் மகளுக்கு உள்ளேயும் வெளியேயும் திறக்கட்டும்.

உன்,
உல்கான்

பின்குறிப்பு: ராப்கானிடம் காய்ந்த தயிர் உருண்டை ஒரு பையும், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை ஒரு டப்பாவும் கொடுத்திருக்கிறேன். அந்த அக்டோபர் ராத்திரிக்குப் பத்து நாள் முன்பு எல்தியார் என் சமையல்கட்டில் உட்கார்ந்து இதே மாவு உருண்டையைத் தின்றுகொண்டு, ஜிபார் எந்தக் கிழமை காலேஜிலிருந்து ஊருக்கு வருவாள் என்று கேட்டான். வெள்ளிக்கிழமை, நாலரை மணி வேன் என்று சொன்னேன்.